கொடுவாவுக்கு ஒரு பிடி புட்டு

மெல்பேர்னில் யாராவது பசியோடு நடமாடினால், அவர் 'சாப்பிட்டாச்சோ' அங்கிளின் கண்ணில் இன்னும் படவில்லை என்று அர்த்தம். "சாப்பிட்டாச்சோ?" என்பதுதான் அவருடைய வணக்கம். போனில் இன்சூரன்ஸ் விற்ற வெள்ளைக்காரப் பெண்ணிடமும் அதையே ஆங்கிலத்தில் கேட்டார். அவள் இல்லை என்று சொல்லிவிட, அரை நாள் கவலைப்பட்டார்.

நகரின் வடக்கே கிரெய்கிபர்னைத் தாண்டி ஒரு பெரிய கொட்டகையில் தொட்டிகள் கட்டி கொடுவா மீன் வளர்த்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரரான அங்கிள் அங்கே தீனி போடுபவர். மதுரைக்காரனான நான் தண்ணீரைச் சோதிப்பவன். புதிதாகச் சேர்ந்தவன், என் விசாவே அந்த வேலையை நம்பித்தான் இருந்தது.

ஒரு நாள் மூன்றாம் தொட்டியின் வடிகட்டி பழுதானது. அந்த நிலையில் தீனி போட்டால் கழிவு சேர்ந்து தண்ணீரே விஷமாகிவிடும். சரியாகும்வரை மீன்களுக்குப் பட்டினி. விற்பனை நாளுக்குள் எடை ஏறாவிட்டால் ஆளைக் குறைப்பேன் என்றார் முதலாளி. கடைசியாகச் சேர்ந்தவன் நான்தானே!

"பட்டினி கிடந்த மீன் அப்புறம் வேகமா வளர்ந்து விட்டதைப் பிடிச்சிடும், அங்கிள்" என்றேன், படித்த தைரியத்தில்.

"பசி எண்டால் என்னெண்டு உமக்குத் தெரியுமே, தம்பி?"

அவரைக் கண்டதுமே மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். அவர் கடன்காரர் மாதிரி சுவரோரமாகப் பதுங்கிப் போவார். ஐந்தாம் நாள் பார்த்தால் தண்ணீர் கலங்கிக் கிடக்கிறது. தொட்டி விளிம்பில் தேங்காய்த் துருவல்.

"அங்கிள்!"

"ஒரு பிடி புட்டுத்தான், தம்பி. பாவமெல்லே?"

ஒரு பிடி என்றது ஒரு டப்பா. கொடுவா அதைச் சீந்தவே இல்லை. தண்ணீரை மாற்றியதில் நாலு நாள் வீணானது. "ஐயோ, உம்மட வேலைக்கு நானெல்லோ உலை வைச்சிட்டன்!" என்று தலையில் கை வைத்தார். அன்றிலிருந்து தொட்டிப் பக்கம் ஒரு பருக்கையும் போகவிடாமல் காவல் காத்தார்.

வடிகட்டி சரியானதும் நான்தான் அவசரப்பட்டு வாளியோடு தீனியைக் கொட்டப் போனேன்.

"விடும்! பட்டினி கிடந்த வயித்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாத்தான்" என்று வாளியைப் பிடுங்கிக்கொண்டார்.

முதல் நாள் ஒரு கை, மறுநாள் இரண்டு. பிறகு அந்த மீன்கள் தின்ற தீனி இருக்கிறதே, கல்யாணப் பந்தியில் மூன்றாம் முறை சாம்பார் கேட்பவர்கள் தோற்றார்கள். மங்கிக் கிடந்த செதிலெல்லாம் மினுங்கத் தொடங்கியது.

எடை போட்ட நாளில் முதலாளி தராசை இரண்டு முறை தட்டிப் பார்த்தார். ஒரு வேளையும் தவறாமல் தின்ற பக்கத்துத் தொட்டி மீனும் எங்கள் மீனும் ஏறக்குறைய ஒரே எடை. ஆள் குறைப்புப் பேச்சு அதோடு போயிற்று.

அங்கிளைத் தேடிப் போனேன். தொட்டிக்குப் பின்னால் ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"உம்மட அம்மாவுக்கு என்ன பதில் சொல்லுறது எண்டு இவ்வளவு நாளும் எனக்கு நித்திரையே இல்லை, தம்பி."

என் அம்மாவை அவர் பார்த்ததே கிடையாது. வேலை தப்பியதைவிட, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சிரித்ததுதான் எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.