சிங்கராஜா அழிக்கச் சொன்ன சாய்கோடு

இதுல ஒரு வார்த்தை பொய்யின்னா, நாளைக்கு நான் குடிக்கிற டீயில பல்லி விழட்டும்.

ஒரு காட்டில ஒரு சிங்கராஜா. ஓடி வேட்டையாடத் தொப்பை விடல. அதனால ஒரு கம்ப்யூட்டர வாங்கிப் போட்டு, பேச்சியம்மாங்கிற குரங்கை டைப்படிக்க வெச்சிருந்துச்சு. அவ ஃபைல்ல அடிச்சு, அங்கிருந்தே கட்டளை போட்டா ஸ்பீக்கர் காடு முழுக்கக் கத்தும். ஃபைலுக்கும் ராஜா தன் பேரைத்தான் வெச்சிருந்துச்சு: சிங்கம். ஸ்பீக்கர் சொன்னா சட்டம். "இதுல தப்பு இருக்கே"ன்னு போன வாரம் கேட்ட கீரிப்பிள்ளைய, சமையக்காரக் கரடி கருப்பையா குழம்பு வெச்சுட்டான்.

அன்னைக்கு ராஜா சொல்லுச்சு: "அடி. காட்டுல இருக்கிறதுல 10% சமையக்கட்டுக்கு வரணும். பிஞ்சுலேருந்து ஆரம்பிப்போம்."

சொல்லிட்டு, பேச்சியம்மா இடுப்புல தொங்குன குட்டியப் பாத்துச்சு.

அவ குட்டிய முதுகுப் பக்கம் தள்ளிட்டு அடிச்சா. இருந்தாலும் பழக்கதோசம், % குறிக்கு முன்னாடி ஒரு சாய்கோடு போட்டா.

"அதென்னடி கோணலா?"

"இங்கேருந்து கட்டளை போட்டா, % குறி இருக்கிற எடத்துல ஃபைல் பேரைச் சொருகிடும் சாமி. கோடு போட்டா குறிய அப்படியே விட்டுரும்."

"என் உத்தரவுக்கு நடுவுல குடிகாரனாட்டம் ஒண்ணு சாஞ்சு நிக்கிறதா? அழி."

"அழிச்சா தப்பா..."

"தப்பா? கருப்பையா, சட்டியக் கழுவு."

"அழிச்சாச்சு சாமி," பேச்சியம்மா பட்டனைத் தட்டிட்டா.

ஸ்பீக்கர் கத்துச்சு: "காட்டுல இருக்கிறதுல 10 சிங்கம் சமையக்கட்டுக்கு வரணும்."

கருப்பையா தலையச் சொறிஞ்சான். "ஒண்ணுதான இருக்கு. மிச்ச ஒம்பதுக்கு நான் எங்க போவேன்?"

"டேய், அது தப்பா வந்திருச்சுடா," ராஜா பின்னாடியே நகருது.

"தப்புன்னு சொன்ன கீரிய என்ன பண்ணோம் சாமி? நீங்கதான காரம் பத்தலன்னீங்க. இந்தத் தடவ மொளகா கூடப் போடுறேன்."

ராஜா பேச்சியம்மாவப் பாத்துச்சு. "அந்தக் கோட்டப் போட்டுத் தொலடி."

"உத்தரவுக்கு நடுவுல குப்பை எதுக்கு சாமி," குட்டிக்குப் பேன் பாத்துக்கிட்டே சொன்னா அவ.

அன்னைக்குக் காட்டுல எல்லாருக்கும் சாப்பாடு. மான்கூட ஒரு வாய் ருசி பாத்துச்சு.

நீதி: மேல இருக்கிறவரு தப்பா ஒண்ணு செய்யச் சொன்னா, ஒரு எழுத்து மாத்தாம அப்படியே செஞ்சு குடுங்க. மறக்காம குழம்புக்கு மொளகா அரைச்சு வெச்சுக்கங்க.

கதை கேட்டவுக ஆளுக்கு ரெண்டு பஜ்ஜி வாங்கியாங்க. நழுவுறவுகளே, நின்னு பேரைச் சொல்லிட்டுப் போங்க. புது ஃபைலுக்குப் பேர் வைக்கணும்.