அன்னத்தின் கழுத்தும் என் மூன்று காரணங்களும்

1. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இணையக் கலைக்களஞ்சியத்தில் கோ. தணிகாசலம் என்ற ஓவியரின் பக்கத்தை நீக்கும்படி பரிந்துரைத்தேன்.
2. அன்று மாலை என் அக்காவைப் பெண் கேட்டு ஒரு குடும்பம் வந்தது.
3. மாப்பிள்ளையின் அப்பா இரண்டு முறை கேசரி வாங்கிச் சாப்பிட்டார்.
4. அவர்தான் தணிகாசலம்.

நான்காவது முன்பே தெரிந்திருந்தால் முதலாவது நடந்திருக்காது. (என் நேர்மை அவ்வளவுதான்.)

நான் மென்பொருள் சோதிப்பவள். அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம் தருகிறார்கள். விடுமுறை நாளில் அதையே கலைக்களஞ்சியத்தில் இலவசமாகச் செய்வேன். அங்கே ஒருவருக்குப் பக்கம் இருக்க வேண்டுமென்றால், அவருக்குச் சம்பந்தமில்லாத யாராவது அவரைப் பற்றி எழுதியிருக்க வேண்டும். தணிகாசலத்தைப் பற்றிப் பத்திரிகைச் செய்தி இல்லை, புத்தகமும் இல்லை. இந்த இரண்டு காரணங்களே போதும். ஆனால் பட்டியல் இரண்டோடு முடிந்தால் எனக்குக் கை அரிக்கும். மூன்றாவதாக எழுதினேன்: "நான் பிள்ளையார்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்படியோர் ஓவியர் இருப்பதாக இந்த ஊரில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை."

கேட்டதில்லைதான். ஊருக்கு அவர் 'சீனரிக்காரர்'. போட்டோ ஸ்டுடியோவில் நமக்குப் பின்னால் ஏரி, மாளிகையெல்லாம் வரைந்த திரை தொங்குமே, அதுதான் சீனரி. அக்காவும் ஒரு வருடமாக "சீனரிக்காரர் பையன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவைச் சம்மதிக்க வைக்க அந்த ஒரு வருடமும் ஆகியிருந்தது.

கேசரி முடிந்ததும் தணிகாசலம் ஆரம்பித்தார்.

"பையன் நெட்டுல என்னப் பத்தி ஒரு பக்கம் எழுதி வெச்சாம்பா. இன்னிக்குக் காலைல எவளோ அத எடுக்கச் சொல்லி எழுதிக்கினு இருக்குறாளாம். நம்ம பிள்ளையார்பாளையத்துக்காரிதானாம்."

"யாருங்க அந்த வேலையத்தவ?" என்றாள் அம்மா, உண்மையான ஆத்திரத்தோடு.

மாப்பிள்ளை போனைப் பார்த்தார். "பேரு 'பிழைபிடிப்பவள்'னு போட்டிருக்குது."

அக்கா மெல்லத் திரும்பி மேசைமேல் இருந்த என் லேப்டாப்பைப் பார்த்தாள். அதன் மூடியில் அதே பெயரை ஸ்டிக்கர் அடித்து ஒட்டியிருந்தேன்.

"நான்தான் மாமா," என்றேன்.

தணிகாசலம் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே, சுவரில் இருந்த என் முதல் பிறந்தநாள் படத்தைப் பார்த்தார். அதில் ஓர் ஏரி. ஏரியில் ஒட்டகம்போலக் கழுத்து நீண்ட ஓர் அன்னம். அதன் அலகுக்குக் கீழே, வாயைப் பிளந்து அழுதுகொண்டு நான். ஓரத்தில் சின்னதாக 'கோ.த.' அது ஸ்டுடியோவின் பெயர் என்றே அத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

"அந்த அன்னம் நான் போட்டதும்மா."

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம். நான் சொன்னது: "குடும்பப் படத்த ஆதாரமா ஏத்துக்க மாட்டாங்க மாமா."

அவர் மனைவி தட்டைக் கீழே வைத்தார். "ஏங்க, கெளம்பலாமா? நாளைக்கு நம்ம பையனுக்கும் இவங்க ஆதாரம் கேப்பாங்க."

அக்காவின் கண் நிறைந்துவிட்டது.

"இருடி," என்றார் அவர், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "எப்பிடி அழுவுது பாரு. ஒரு வயசுலயே இதுக்கு என் வேலை புடிக்கல. இன்னி வரைக்கும் பேச்சு மாறல. இந்த நேர்மை யாருக்கு வரும்?"

பிறகு மூன்றாவது முறையாகக் கேசரி கேட்டார். அக்கா சமையலறைக்கு ஓடினாள்.

கல்யாண மேடைக்குப் பின்னால் அவரே சீனரி எழுதினார். இரண்டு அன்னங்கள், கழுத்து அதே நீளம். போட்டோவுக்கு நிற்கும்போது என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "அழுவாம நில்லும்மா, ஆதாரம் வேணும்." இன்றுவரை எந்த விசேஷத்தில் யார் போனைத் தூக்கினாலும் எங்கள் இரண்டு குடும்பமும் எனக்கு அதைத்தான் சொல்கிறது.

உறவாகிவிட்டதால், பக்கத்தை நீக்குவது பற்றிக் கலைக்களஞ்சியத்தில் நடந்த விவாதத்தில் பேச எனக்கு உரிமை இல்லாமல் போயிற்று. மூன்றாவது காரணத்தை அடித்துவிட்டு விலகினேன். மற்ற இரண்டும் போதுமானவையாக இருந்தன. பக்கம் நீக்கப்பட்டுவிட்டது. படம் சுவரில் இருக்கிறது.