மேஜர் லீகரும் காலை பஸ்ஸும்

மூலம் சொல்லிகள் என்று ஓர் இனம் உண்டு. எந்த வார்த்தை காதில் விழுந்தாலும், அது எங்கே பிறந்தது, யாருக்கு வாழ்க்கைப்பட்டது, பிள்ளைகுட்டி எத்தனை என்று சொல்லி முடிக்காமல் உங்களை நகரவிட மாட்டார்கள். எண்பத்து மூன்றில் எங்கள் மலையூரான ஜமுனாமரத்தூரில் அந்த இனத்தின் தலைவர் உரக்கடைக் கணக்கர் பஞ்சாட்சரம்.

பக்கத்துக் காவலூரில் நட்சத்திரம் பார்க்கும் பெரிய தொலைநோக்கியைப் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் போட்டுவிட்டுப் போன பழைய பத்திரிகையில், 'மேஜர் லீகர்' என்ற சொல் அவர் கண்ணில் பட்டுத் தொலைத்தது. பட்டால் விடுவாரா? அன்றிலிருந்து நன்றாக வடை சுட்டவள் மேஜர் லீகர், நன்றாகப் புளி உலுக்கியவன் மேஜர் லீகர்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கபடிக்காரன் அர்ச்சுனனை மாவட்ட அணித் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். மலையிலிருந்து அதுவரை ஒருத்தனையும் கூப்பிட்டதில்லை. காலை பஸ்ஸை விட்டால் அடுத்தது மத்தியானம்தான். அதற்குள் தேர்வே முடிந்துவிடும். பஸ்ஸடியில் மாலை போட வந்தவர் யார்? வேறு யார்!

"அர்ச்சுனா, இன்னிலேர்ந்து நீ மேஜர் லீகர்."

"சரிங்க சார், போய்ட்டு வர்றேன்."

"இருப்பா. அதுக்கு அர்த்தம் இன்னா தெரியுமா?"

கழுத்தில் விழுந்த மாலையின் இரண்டு பக்கத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டார். அமெரிக்காவில் பேஸ்பால் என்று மட்டையால் பந்தடிக்கும் ஓர் ஆட்டம். அதில் பெரிய ஊர் அணிகள் கூட்டுச் சேர்ந்து நடத்தும் போட்டி மேஜர் லீக், சின்ன ஊர்க்காரர்களுடையது மைனர் லீக். மேஜரில் ஆடுகிறவன் மேஜர் லீகர். பிறகு எந்தத் தொழிலிலும் முதல் வரிசை ஆளுக்கு அதே பேர் என்று அவர் அடுக்க அடுக்க, டிரைவர் ஏறி உட்கார்ந்தார், கண்டக்டர் விசில் ஊதினார், பஸ் உறுமியது.

அர்ச்சுனன் மனைவி நீலாவதி அலறினாள். "பஸ்ஸு கெளம்புது சார், அவர வுடுங்க!"

"இரும்மா, மைனர் லீக்கப் பத்தி இன்னும் முழுசா சொல்லலியே."

அர்ச்சுனன் குனிந்தான், உடம்பை நெளித்தான், மாலைக்குள்ளிருந்து உருவிக்கொண்டு பாய்ந்தான். ஐந்து பேர் மடக்கினாலும் கோட்டைத் தொட்டுத் திரும்புகிறவனுக்கு ஒரு பஞ்சாட்சரம் எம்மாத்திரம்? ஓடிப்போய்ப் பின்படியில் தொற்றினான். அடேயப்பா, ஊரே கைதட்டியது! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மறுநாள் தேர்வாகித் திரும்பியவனைப் பஞ்சாட்சரம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பாதியிலயே போய்ட்டியே, மீதிய எப்பப்பா கேக்கப் போற?"

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அர்ச்சுனன் பஸ்ஸைத் துரத்திய நேரத்தில், 'அந்த லீக் எந்த வருஷம் ஆரம்பித்தது?' என்று உங்கள் மனசு குடைந்திருந்தால் ஓர் உபகாரம் செய்யுங்கள். இனி யாரையாவது வழியனுப்பப் போனால், பஸ் கிளம்பிய பிறகு போங்கள்.