ஓர் அடுப்புக்கு ஒரு குடம்

பொய்கை நாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே மக்களைத் தலையைக் கொண்டு எண்ணுவதில்லை. அடுப்பைக் கொண்டு எண்ணுவார்கள். ஓர் அடுப்புக்கு ஓர் ஓட்டு. அடுப்பை மூட்டுவது மனைவி. பதிவேட்டில் இருப்பது கணவன் பெயர்.

ஏரித் தண்ணீரெல்லாம் மாளிகை நீரூற்றுகளுக்குப் போய்விடவே, பெருந்தலைவர் வச்சிரபாகு ஆணையிட்டார்: "தண்ணீர் அனைவரின் பிறப்புரிமை. ஆகவே அடுப்புக்குத் தினம் ஒரு குடம். கூடுதல் குடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொற்காசு."

செண்பகத்தின் வீட்டில் ஐந்து பேர். பொற்காசை அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. அவள் கொல்லையில் தன் பெயரில் இரண்டாவது அடுப்பு வைத்தாள். தெருவே வைத்தது. உடனே அடுத்த ஆணை வந்தது: "கணவனும் மனைவியும் தனி அடுப்பு வைக்கச் சண்டைச் சான்றிதழ் தேவை. தனி வாசலும் தேவை."

அவள் கணவன் மருதையன் எதிர்ச்சாரியில் இருந்த மாட்டுக் கொட்டகைக்குக் குடிபோனான். சண்டை ஆய்வாளர் வந்தார்.

"ஆரம்பிக்கலாம். பக்கத்து வீட்டுக்குக் கேக்கணும். விதி."

"இவரு குறட்டை விடுறாருங்க."

"குறட்டை செல்லாதும்மா."

மருதையன் தயங்கினான். "இவ வைக்கிற ரசம்... அவ்வளவா நல்லா இருக்காதுங்க."

செண்பகம் அவனைப் பார்த்த பார்வையிலேயே ஆய்வாளர் முத்திரை குத்திவிட்டார்.

இரண்டு குடம் வந்தது. ஆனால், பதினாறு வருடம் பக்கத்தில் இருந்தவன் தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்தான். குறட்டைச் சத்தம் இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

"ரசம் மிச்சம் இருக்கா?" என்று தினமும் வாசலில் வந்து நிற்பான்.

"ஆய்வாளர் பாத்தா குடம் போயிடும். போங்க," என்பாள், கிண்ணத்தை நீட்டிக்கொண்டே.

தேர்தல் வந்தது. பதிவேட்டைப் புரட்டிய அமைச்சருக்கு வியர்த்தது. "தலைவரே, பாதி அடுப்பு பெண்கள் பேரில் இருக்கிறது."

"சட்டப்படிதானே?"

"நம் சட்டப்படிதான்."

செண்பகம் போட்டியிட்டாள். பெண்களின் ஓட்டு மொத்தமாக விழுந்தது. கொட்டகைகளில் கொசுக்கடி பட்ட ஆண்களின் ஓட்டும் சேர்ந்தது. நீரூற்றுகள் நின்றன. ஏரி குழாய்களில் இறங்கி, இருப்பவர் இல்லாதவர் எல்லா வீட்டுக்கும் விலையின்றி வந்தது. அன்று மாலையே மருதையன் பாயைச் சுருட்டிக்கொண்டு வீடு வந்தான். கணவன்மார் எல்லாரும் வந்தார்கள். ஆனால், தன் பெயரில் இருந்த அடுப்பை எந்தப் பெண்ணும் நீக்கவில்லை. அடுத்த தேர்தலும் வரும் அல்லவா.

வச்சிரபாகு மட்டும் இன்றும் தனியாகச் சமைக்கிறார். அவர் மனைவியும் ஒரு சான்றிதழ் வாங்கியிருந்தார். நாட்டில் கொடுக்கப்பட்டவற்றில் அது ஒன்றுதான் உண்மையானது.