அனுப்புநர் முகவரியை மாற்றும் பெட்டி

அன்புமிக்க மாப்பிள்ளைக்கு, உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே உங்கள் மாமியார் சௌக்கியம். நானும் உடம்பால் சௌக்கியம்தான், மனசுதான் செவ்வாய்க்கிழமை பதினொரு மணியிலிருந்து ஒரு நிலையில் இல்லை. அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், அவள் கோபம் நீங்கலாக.

நடந்ததை அவள் சொல்லியிருப்பாள், என் பக்கத்தையும் கேளுங்கள். உங்கள் வீட்டு மேல்மாடியில் சுவர் இடிக்கிறார்கள், ஆன்லைன் இன்டர்வியூவில் சத்தம் கேட்கும் என்றுதானே அவள் இங்கே வந்தாள்? அவள் உள் அறையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை, போன முறை நீங்கள் ஷெல்ஃபில் பொருத்திவிட்டுப் போன இன்டர்நெட் ரவுட்டர் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது பார்க்கலாமே என்று அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் போனில் அடித்து உள்ளே போனேன். போனவன் திடுக்கிட்டுப் போய்விட்டேன், மாப்பிள்ளை! வீட்டில் ஆறு கருவிகள், ஆறுக்கும் தனித்தனி முகவரி, நம்பர் நம்பராக. ஆனால் எது எதை அனுப்பினாலும் இந்தப் பெட்டி வாசலில் நின்றுகொண்டு, அதன் முகவரியை அடித்துவிட்டுத் தன் முகவரியைப் போட்டு வெளியே விடுகிறதாம். 'நெட்வொர்க் அட்ரஸ் டிரான்ஸ்லேஷன்' என்று பெயர், பக்கத்திலேயே பச்சையாக 'ஆன்' என்று வேறு! உங்கள் மாமியார் பார்க்கிற தையல் வீடியோவும் நான் படிக்கிற செய்தியும் ஒரே ஆள் கேட்டதாக வெளியே போகிறது. நாற்பது வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒரே விஷயத்தைக் கேட்டதாகச் சரித்திரமே கிடையாது.

முப்பத்தாறு வருஷம் தபால் பிரித்தவன் நான். அனுப்புநர் முகவரியில் கை வைத்த ஒருவனை எங்கள் அலுவலகத்தில் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள், நான்தான் சாட்சி. பதறிப்போய், "இங்க பாரு, நம்ம வீட்லயே போர்ஜரி நடக்குது!" என்றேன். உங்கள் மாமியார் தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஊரார் கடிதாசியப் புரட்டினது போதாதா? அதை அப்படியே வைங்க" என்றாள். வைக்கவில்லை. 'ஆஃப்' கொடுத்து 'சேவ்' அழுத்தினேன். பெட்டியின் விளக்குகளெல்லாம் ஒழுங்காகத்தான் எரிந்தன. மணி பதினொன்று ஐந்து, உள்ளே இன்டர்வியூ தொடங்கி ஐந்து நிமிஷம்.

உள்ளேயிருந்து "ஹலோ... சார், கேக்குதா? மேடம்?" என்று குரல். அடுத்த நிமிஷம் கதவு படாரென்று திறந்தது.

"அப்பா, என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுமில்லம்மா, அவங்கவங்க சொந்த முகவரியிலயே போகட்டும்னு விட்டேன்."

"அந்த நம்பர் லட்சக்கணக்கான வீட்ல இருக்குப்பா! பதில் எந்த வீட்டுக்குன்னு வரும்? இது தன் பேர்ல அனுப்பி, பதிலைத் தானே வாங்கி, எது யாருக்குன்னு குறிச்சு வச்சுப் பிரிச்சுக் கொடுக்குது. அதைப் போய்..."

என் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். இரண்டே நிமிஷத்தில் பழையபடி மாற்றிவிட்டாள். அதற்குள் இன்டர்வியூ எடுத்த மூன்று அதிகாரிகளும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். வீட்டிலிருந்தே செய்கிற வேலையாம், இணைப்பு நிலையாக இல்லாதவரை எடுக்க யோசிக்கிறோம் என்று மத்தியானமே மெயில். ஒரு வருஷமாக அவள் தேடின வேலை, மாப்பிள்ளை. சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பியவள், வாசலில் நின்ற என்னிடம் "வரேன்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. உங்களைக் கூப்பிட்டால் அவள் பக்கத்தில் இருப்பாள், அதனால்தான் கடிதம். எனக்கு அழுகை வந்துவிட்டது, உங்களிடம் எழுதுவதற்கென்ன.

தவறு என்னுடையது, அவள் இணைப்பில் குறையில்லை, இன்னொரு முறை அவளைக் கூப்பிடுங்கள் என்று அந்தக் கம்பெனிக்கே எழுதி, இத்துடன் வைத்திருக்கிறேன். அவளுக்குத் தெரியாமல் சேர்த்துவிடுங்கள். ஆனால் ஒன்று: நேரம்தான் தப்பே தவிர, கொள்கை தப்பில்லை. என்ன காரணம் சொன்னாலும் பொய் முகவரி பொய் முகவரிதான். அடுத்த முறை வரும்போது அந்தப் பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள். உங்கள் மாமியார் தன் பங்குக்கு ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: "நான் அப்பவே சொன்னேன்."

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: உறையில் என் பெயரைப் பார்த்தால் அவள் கடிதத்தை உங்கள் கைக்கே வரவிடமாட்டாள். ஆகையால் அனுப்புநர் இடத்தில் எதிர்வீட்டுப் பல் டாக்டரின் பெயரையும் முகவரியையும், அவர் கையாலேயே எழுதி வாங்கியிருக்கிறேன். பதிலையும் அவர் பெயருக்கே போடுங்கள். உங்கள் ஊரிலிருந்து வருவதெல்லாம் எனக்கு என்று நோட்டில் குறித்து வைத்திருக்கிறார், பிரிக்காமல் என்னிடம் கொடுத்துவிடுவார். உறையை ஒட்டிய பிறகுதான், நான் என்ன செய்திருக்கிறேன் என்று பார்த்தேன். உறையைக் கிழித்து இதைச் சேர்க்கிறேன். பெட்டி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். மேலே அதைப் பற்றி எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். அவளை மறுபடி கூப்பிட்டார்களா என்பதை மட்டும் உடனே எழுதுங்கள், டாக்டர் பெயருக்கு.