கோட்டைப் படியும் அஞ்சாவது போண்டாவும்

இத்தாலி போயிட்டு வந்துட்டான்னு தெரிஞ்சதும் எல்லாரும் வந்து உக்காந்துட்டீங்க. மாதா கோயில் கோபுரம் எவ்ளோ உசரம், ராஜா கோட்டை எவ்ளோ பெருசு, எல்லாம் சொல்லுவேன்னு பாக்குறீங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது!

சொல்ல மாட்டேன். இந்தக் கதை நம்ம நெய்வேலி டவுன்ஷிப்ப விட்டு வெளியவே போவாது.

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. கிரவுண்ட் கேலரியில முந்நூறு படி ஏறணும்.

இத்தாலியில வேலை பாக்குற என் பொண்ணு ஜெனி போட்ட உத்தரவு. மொத நாளே சொல்லிட்டா.

"அப்பா, கோயில் கோபுரத்துலயும் படி, மலை மேல இருக்குற கோட்டையிலயும் படி. லிஃப்ட் கெடையாது."

"அப்ப ராஜா எப்படிம்மா ஏறினாரு?"

"ராஜாவுக்குத் தொப்பை இல்லப்பா."

தொப்பைய உள்ள இழுத்துக்கிட்டேன்.

"நாளைக்கு ராத்திரி அங்க உள்ள போற டிக்கெட்டு போடணும். சாயங்காலம் போன் பண்றேன், ஏறிக் காட்டுங்க. முடியலன்னா எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் போட்டுடறேன். நீங்க கீழ உக்காந்து பையப் பாத்துக்குங்க."

அவ்ளோ தூரம் பிளேன்ல பறந்து போயி, பைக்கு வாட்ச்மேனா! ரோஷம் பொத்துக்கிட்டு வந்துச்சு.

போனேன். முப்பது படி ஏறினேன். முட்டி ரெண்டும் தனித்தனியா லீவு லெட்டர் நீட்டுச்சு.

எறங்கி வந்தா, கேட்டுக்கு எதிர டீக்கடை. குள்ளஞ்சாவடிக்காரரு கடை. மாஸ்டர் அப்பதான் போண்டாவ எண்ணெயிலேருந்து அள்ளிட்டு இருக்காரு.

"வா சார், சூடா கீது."

உக்காந்தேன். நாலு போண்டா உள்ள போனப்ப போன் அடிச்சுது.

இங்க ஒண்ணு சொல்லணும். நான் யாரு? மிமிக்ரி ஆளு. மைன்ஸ்ல ஷிஃப்ட் முடியிற சங்குச் சத்தத்த வாயாலயே ஊதி, பாதி கேங்க சாப்பாட்டு நேரத்துக்கே வீட்டுக்கு அனுப்பினவன். எனக்கு மூச்சு வாங்குறதெல்லாம் ஒரு விஷயமா?

ஒரு கையில அஞ்சாவது போண்டா, ஒரு கையில சட்னிக் கிண்ணம். போன ஸ்பீக்கர்ல போட்டு பெஞ்சு மேல வெச்சேன்.

"ஜெனி... ஹா... நூத்தி அறுவது... ஹா... நூத்தி அறுவத்தொண்ணு..."

"வீடியோ ஆன் பண்ணுங்கப்பா."

"போனப் பாத்துக்கிட்டே ஏறினா... ஹா... கால் இடறும்மா!"

நம்பிட்டா!

அங்கயே நிறுத்தியிருந்தா இன்னிக்கு நீங்க கோட்டைக் கதை கேட்டிருப்பீங்க. கலைஞன் நிறுத்துவானா? மூச்சுல கொஞ்சம் விசில் சேத்தேன். நடுவுல ஒரு இருமல். இருநூறாவது படியில தொண்டையிலேருந்து ஒரு கொர்ர்ர்ர்.

"அப்பா! என்னப்பா அது சத்தம்? நெஞ்சு வலிக்குதா?"

"அதெல்லாம் இல்லம்மா..."

"பக்கத்துல யாரு இருக்காங்க? போன அவங்ககிட்ட குடுங்க!"

யாருகிட்ட குடுக்கிறது? குடுத்தேன். பாலக்காட்டு ஃபோர்மேன் ஒருத்தர், ரிட்டயர்டு. அந்த நிமிஷம்தான் என் தொண்டையில பொறந்தாரு.

"மோளே, பேடிக்க வேண்டா. அச்சனை ஞான் பிடிச்சிட்டுண்டு."

"அங்கிள், அப்பாவுக்கு வேர்க்குதா? மூஞ்சி எப்படி இருக்கு?"

"மொகம் நல்ல செவப்பு. வாயில கொஞ்சம் எண்ண வடியுந்நு."

"எண்ணெயா?" கொரல் ஒடஞ்சிடுச்சு அவளுக்கு. "அப்பாவப் பேசச் சொல்லுங்க அங்கிள்! நீங்களும் பேசுங்க! ரெண்டு பேரும் ஒண்ணா பேசிக்கிட்டே இருங்க, நான் இங்கேருந்தே ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன்!"

அழவே ஆரம்பிச்சிட்டா.

ரெண்டு பேரும் ஒண்ணா! இருவத்தஞ்சு வருஷமா மிமிக்ரி பண்றேன். ஒரு தொண்டையில ஒரு நேரத்துக்கு ஒரு ஆளுதாங்க நிக்க முடியும்.

நான் முழிக்கிறேன். போன்ல புள்ள தேம்புது. மாஸ்டருக்கு மனசு தாங்கல. ஜல்லிக் கரண்டியோட வந்து போன்கிட்ட குனிஞ்சாரு.

"அழுவாத பாப்பா! ஒங்கப்பாவுக்கு ஒண்ணும் ஆவல. நல்லா கால ஆட்டிக்கினு என் கடை பெஞ்சுல உக்காந்துகினு கீறாரு. அஞ்சாவது போண்டா துன்னுகினு கீறாரு. அந்த மலையாளத்தாரும் இவருதான்!"

அழுகை பட்டுன்னு நின்னுச்சு. அடுத்த நிமிஷம் போன வெச்சிட்டா.

கோட்டை எப்படி இருந்துச்சுன்னு என் வீட்டம்மாகிட்ட கேட்டுக்குங்க. பை நாலும் பத்திரமா இருந்துச்சு.