பன்னிரண்டு நாரைகளும் ஒரு பைப்பும்

இயற்கையின் குறைகளை நிவர்த்தி செய்யும் புனிதப் பொறுப்பு, சந்தாபுராவில், பேக்கரிக்கு மேலே முதல் மாடியில் இருக்கும் என் கம்ப்யூட்டருக்கு வழங்கப்பட்டுள்ளது. தற்பெருமைக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். உள்ளதைக் காட்டுவது மட்டும்தான் என் தொழிலில் கிடையாது.

என் பெயர் குணசேகர். பதினோரு வருடமாகக் கல்யாண ஆல்பம் 'டிசைன்' செய்கிறேன். பொம்மசந்திராவில் இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு அப்படியே வந்து தாலி கட்டிய மாப்பிள்ளைகளின் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை எடுத்திருக்கிறேன். சண்டைக்காரச் சித்தப்பா ஒருவரைக் குரூப் போட்டோவிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் குத்துவிளக்கு வைத்திருக்கிறேன். விளக்குதான் பொருத்தமாக இருக்கிறது என்று சித்தப்பாவின் மனைவியே சொன்னார்.

பறவைகள் என்னிடம் வந்தது ஹெர்பர்ட் சாரால். கேஜிஎஃப்காரர். பொம்மசந்திரா கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு மனிதன் சும்மா இருக்கக் கூடாது என்று முழங்கை நீள லென்ஸ் ஒன்று வாங்கி, 'ஏரிக்கரைப் பறவைப் படச் சங்கம்' என்ற மகத்தான இயக்கத்தைத் தொடங்கினார். சங்கத்துக்குப் பதிவு எண் உண்டு, ரப்பர் ஸ்டாம்ப் உண்டு, உறுப்பினர் அறுபத்து நான்கு பேர் உண்டு. நல்ல ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் ஏரியில் இருபது பறவைகளும் உண்டு.

அவர்கள் எடுக்கும் படங்களை 'இயற்கையாக' ஆக்குவது என் வேலை.

"குணா, இந்த நாரை ஏம்பா சோகமா இருக்கு?"

"ஏரில மீன் இல்ல சார்."

"அந்தக் கதையெல்லாம் வேணாம். கண்ணுல கொஞ்சம் ஷைன் குடு."

ஆனேக்கல் மணப்பெண் ஒருத்தியின் கண்ணிலிருந்த ஒளிப்புள்ளியை எடுத்து நாரைக்கு வைத்தேன். அன்று முதல் அந்த நாரை மறுவீட்டுக்குப் போகிற களையில் இருக்கிறது. சங்கக் கூட்டத்தில் ஏகமனதாகப் பாராட்டுத் தீர்மானம் போட்டார்கள்.

நாரையிடம் ஒரு கெட்ட பழக்கம். ஏரிக்கரையில் எத்தனையோ மரம் இருக்க, எப்போதும் பைப் மேல்தான் உட்காரும். கறுப்பாக, ஆள் நுழைகிற அகலத்தில் ஒரு பைப். சாயம் போடும் கம்பெனி ஒன்றிலிருந்து வருகிறது. கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதையும் எடுக்கச் சொல்வார்கள். பைப்பில் தண்ணீர் வெதுவெதுப்பாக வருவதால் நாரைக்குக் காலில் இதமாக இருக்கிறதோ என்னவோ. எனக்குத்தான் வேலை. பைப்பை எடுத்துவிட்டு அங்கே ஒரு மரக்கிளை வைப்பேன். நுரையைப் பனிமூட்டம் ஆக்குவேன். ரோஸ் நிறத் தண்ணீரை நீலமாக்குவேன். ஏரி பிறந்தபோதுகூட அப்படி இருந்திருக்காது.

இந்த நற்பணியின் அருமை தெரியாமல் ஒருத்தி இருந்தாள். ஜோசஃபின். கார்மென்ட்ஸில் டெய்லர். ஏரியை ஒட்டிய சந்தில் வீடு. சந்துக்கே ஒரு போர்வெல்தான். அதில்தான் கம்பெனியின் வண்ணம் ஏறிவிட்டது. அவள் மகள் மோனிகாவின் வெள்ளை யூனிஃபார்மை மூன்று தடவை துவைத்தால் ரோஸாகிவிடும். குழந்தைக்குக் கையெல்லாம் அரிப்பு. ஜோசஃபின் சும்மா இருக்கவில்லை. பைப்பை மொபைலில் படம் எடுத்துக்கொண்டு 'ஏரி நலக் குறைதீர்ப்புப் பிரிவு' என்ற அலுவலகத்துக்குப் போய்விட்டாள்.

அங்கே அதிகாரி கோவிந்தப்பா. நியாயமான மனிதர். தமிழில் கன்னடம் கலந்து பேசுவார். சட்டத்தைக் கையால் தொடமாட்டார், கண்ணால் பார்ப்பதோடு சரி.

"மொபைல் போட்டோவ யாரு வேணும்னாலும் எடிட் மாடலாம்மா. பதிவு பண்ண சங்கத்தோட ஸ்டாம்ப் போட்டு, சீல் வெச்ச கவர்ல போட்டோ தகொண்டு வாங்க. பைப் இருக்குதுன்னு ப்ரூவ் ஆச்சுன்னா கம்பெனிக்கு பீகா. உங்க சந்துக்கு தினமும் டேங்கர் தண்ணி. ப்ரூவ் ஆகல்லேன்னா ஃபைல் க்ளோஸ். மூணு வருஷத்துக்கு இதே கம்ப்ளெயின்ட்ட தூக்கிட்டு வரக் கூடாது."

பீகா என்றால் பூட்டு. ஜோசஃபின் நேராக ஹெர்பர்ட் சாரிடம் ஓடினாள். அவர் நல்லவர், உடனே ஒப்புக்கொண்டார். எனக்குப் போன் போட்டார்.

"குணா, நாரை பைப் மேல உக்காந்திருக்குமே, அந்தப் பன்னெண்டு படம் வேணும். கவர்மென்ட் ஆபீசுக்குப் போகுது. கிளீனா போட்டுக் குடு."

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊரில் 'கிளீனா' என்றால் தெளிவாக என்று அர்த்தம். எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதிலும் கவர்மென்டுக்குப் போகிற படம். நான் ராவும் பகலும் உழைத்தேன். நுரைக் குமிழி ஒன்றுகூட விடவில்லை.

ஹெர்பர்ட் சார் பன்னிரண்டு படங்களின் முதுகிலும் ஸ்டாம்ப் குத்தினார். முன்பக்கம் பார்க்க நேரமில்லை. கூழைக்கடாப் பறவை வந்திருக்கிறதென்று மைசூர்ப் பக்கம் கிளம்பிக்கொண்டிருந்தார். கவருக்கு அரக்கு சீல் வைத்து, சங்கத்தின் சாட்சியாக என்னை அனுப்பினார்.

அலுவலகத்தில் பியூன் கவரை வாங்கி அதிகாரியின் மேஜையில் வைத்தார். ஜோசஃபின் சம்பளத்தை விட்டுவிட்டு, லீவு போட்டு வந்திருந்தாள். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பைப்போட வாய் நல்லா தெரியுதில்லண்ணா?"

"எந்தப் பைப்பும்மா?"

"என்னண்ணா இப்பிடிக் கேக்கறீங்க. அதுக்குத்தானே வந்திருக்கோம்."

கவரைத் திரும்ப வாங்கிவிடலாமென்று எழுந்தேன். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

கோவிந்தப்பா அரக்கை உடைத்தார். ஒவ்வொரு படமாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஆஹா. எஷ்டு சென்னாகிதே. இது நம்ம ஏரிதானா? ஊட்டி மாதிரி இருக்குது. பைப் எல்லிம்மா, எங்க?"

ஜோசஃபின் படங்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த மனச்சாட்சி எழுந்து உட்கார்ந்தது. தொழில் போனாலும் போகட்டும், உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நல்லவனாக இருந்தது அந்த ஐந்து நிமிடம்தான்.

"பைப் இருந்துது சார். நான்தான் எடுத்துட்டேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களா?"

தமிழ் சரியாகப் புரியவில்லையோ என்று கன்னடத்துக்கு மாறினேன். "ஹவுது சார். நானே தெகெதுபிட்டே." மொழி மாறி என்ன பயன்? கன்னடத்திலும் அதே வினைதான். போட்டோவையும் எடுக்கலாம், பைப்பையும் எடுக்கலாம்.

"ஒப்பனேவா, தனியாவா? ஜேசிபி வெச்சா?"

"இல்ல சார், கையாலதான். ஆட்டோமேட்டிக்ல விட்டா நாரையோட காலும் சேந்து போயிடும்."

கோவிந்தப்பா நெகிழ்ந்துபோனார். "பறவைக்கு அடிபடக் கூடாதுன்னு கையாலயே. எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒண்ணுக்கு இருபது நிமிஷம். சார், நான் சொல்றது படத்துலேர்ந்து..."

"படத்துலதான் தெரியுதே. படமும் எடுத்தீங்க, பைப்பும் எடுத்தீங்க. ரெண்டும் எழுதிக்கறேன்."

ஜோசஃபின் எழுந்து நின்றாள். "சார், பைப் அங்கயேதான் இருக்கு. காலைல வரும்போதுகூடப் பாத்தேன். ஒரு எட்டு வந்து பாருங்க சார்."

"ரெகார்ட் இருக்கறப்போ ஏரி எதுக்கும்மா? உங்க சாட்சியே தெகெதுட்டேன்னு சொல்றாரு. நீங்க ரெண்டு பேரும் மொதல்ல ஒரு முடிவுக்கு வாங்க."

நான் மறுபடி வாயைத் திறந்தேன். தன்னடக்கம் வேண்டாம் என்று கையமர்த்திவிட்டார். பத்து நிமிடத்தில் ஆணை டைப் ஆகி வந்தது: 'மேற்படி பைப்பை மனுதாரரின் சாட்சி திரு. குணசேகர், எவ்வித இயந்திர உதவியுமின்றி, பறவைகளுக்குச் சேதமின்றி, தம் சொந்தக் கைகளால் அகற்றிவிட்டதாக ஒப்புக்கொண்டதாலும், அது பன்னிரண்டு புகைப்படங்களால் ஐயமற நிரூபணமாவதாலும், புகார் முடித்துவைக்கப்படுகிறது.' எனக்குத் தனியாக ஒரு பாராட்டுச் சான்றிதழ். ஒரு நாரையை அதிகாரி தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்தோம். ஜோசஃபின் ஆணையை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"மன்னிச்சுக்கம்மா," என்றேன். "வேணும்னு பண்ணல. எல்லாருக்கும் பண்ற வேலையத்தான் பண்ணேன்."

"தெரியும்ணா. கம்பெனிக்காரனும் அந்தப் பைப்ப மறைக்கத்தான் பாத்தான். நாலு தென்ன ஓலைய வெட்டிப் போட்டான். ரெண்டு நாள் காத்துல பறந்துபோச்சு." பஸ் வந்தது. படியில் கால் வைத்துத் திரும்பினாள். "நீங்க மறைச்சதுதாண்ணா நிக்குது. கவர்மென்ட் சீலோட."